இலுப்பைப் பூவும் ரொட்டி உப்பும்

‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூச் சர்க்கரை’ என்று ஒரு பழமொழி உண்டு. எல்லோரும் அதைப் பரிகாசமாகத்தான் சொல்லுகிறார்கள். எனக்கென்னவோ அதில் பரிகாசத்தைவிட நேர்மைதான் அதிகமாகத் தெரிகிறது. ஊரில் ஆலை இல்லை, சர்க்கரை கிடைக்கவில்லை, ஆகையால் இலுப்பைப் பூவை வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம் என்று அந்த ஊர்க்காரன் ஒப்புக்கொள்ளுகிறான். இலுப்பைப் பூவை இலுப்பைப் பூ என்றே சொல்லுகிறான். அதற்குச் சீனி என்று பெயர் சூட்டிப் பொட்டலம் கட்டி விற்கவில்லை. ‘இலுப்பைப் பூ இருக்கும்போது சர்க்கரை எதற்கு?’ என்று அடுத்த ஊருக்குப் போய் உபதேசம் செய்யவும் இல்லை.

இந்த நாளில் அந்த நேர்மை அருகி வருகிறது. முக்கியமாக ரொட்டி விஷயத்தில்.

ஒரு காலத்தில் ரொட்டி என்பது காய்ச்சல்காரர்களின் ஆகாரம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் கடையில் வாங்கி வந்து பாலில் நனைத்துச் சாப்பிடுவார்கள். இப்போது பல வீடுகளில் மின்சார அடுப்பு வந்துவிட்டது. அதற்குப் பின்னாலேயே செய்முறைக் குறிப்புகளும் வந்துவிட்டன. பத்திரிகையைத் திறந்தால் ரொட்டி. கைப்பேசியைத் திறந்தால் ரொட்டி. வீட்டிலேயே ரொட்டி சுடுவதை நான் ஆட்சேபிக்கவில்லை. சுட்டவுடன் வீடெல்லாம் பரவுகிற அந்த வாசனைக்கு நானும் அடிமைதான். என் ஆட்சேபம் அந்தக் குறிப்புகளின் ஒரு சொல்லைப் பற்றியது. ‘பதிலாக’ என்பதே அந்தச் சொல்.

மைதாவுக்குப் பதிலாகக் கேழ்வரகு மாவு போடலாம். ஈஸ்ட்டுக்குப் பதிலாக ஆப்ப சோடா போடலாம். சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம், வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெய், முட்டைக்குப் பதிலாக வாழைப்பழம் போடலாம். இப்படியே வந்து கடைசி வரியில், ‘உப்பு: விருப்பமிருந்தால்’ என்று முடிக்கிறார்கள். இத்தனை பதில்களுக்கும் பிறகு ரொட்டிக்குப் பதிலாக அடுப்பிலிருந்து என்ன வெளியே வரும் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

ஒரு பொருளின் ஸ்தானத்தில் இன்னொன்றை வைக்க வேண்டுமானால், முதல் பொருள் அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து மாற்றினால் அது சமையல். தெரியாமல் மாற்றினால் அசட்டுத்தனம். தெரிந்தே மாற்றிவிட்டுப் பழைய பெயரிலேயே விற்றால் அது மோசடி. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்கு உப்பையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன்.

“உப்பு ருசிக்குத்தானே ஐயா? போட்டால் போடுகிறோம், விட்டால் விடுகிறோம்” என்பீர்கள். சாம்பாரில் அது சரி. மறந்துபோனாலும் இலையில் ஓரமாக வைத்துக்கொள்ளலாம். ரொட்டியில் அது நடக்காது. ஒரு கிலோ மாவுக்கு ஏறக்குறைய 20 கிராம் உப்பு என்பது ரொட்டிக்காரர்களின் கணக்கு. நூற்றுக்கு இரண்டு பங்கு. இந்த இரண்டு பங்கு செய்கிற வேலைகளைப் பாருங்கள்.

கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ரப்பர் போன்ற ஒரு வலையாகின்றன. குளூட்டன் என்று அதற்குப் பெயர். ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று காற்றை விடுகிறது. அந்தக் காற்றை வலை பிடித்து வைத்துக்கொள்ளுகிறது. ரொட்டி உப்புவதன் ரகசியம் இதுதான். இதில் உப்பு என்ன செய்கிறது? வலையை இறுக்கிக் கட்டுகிறது. ஈஸ்ட்டின் அவசரத்தைக் கட்டுப்படுத்துகிறது. உப்பில்லாத மாவு கையில் பிசுபிசுவென்று ஒட்டும். கண்மண் தெரியாமல் பொங்கும். பொங்கிய வேகத்திலேயே களைத்து, அடுப்புக்குள் போனதும் உட்கார்ந்துவிடும். மேல்தோல் சிவப்பதற்கு மிச்சமிருக்க வேண்டிய சர்க்கரையையும் ஈஸ்ட்டே தின்று தீர்த்துவிடுவதால் ரொட்டி வெளிறிப்போய் ரத்த சோகை பிடித்தவனைப் போல் இருக்கும். ருசியோ, ஆறின கஞ்சியை வெட்டித் துண்டு போட்ட மாதிரிதான். ருசி என்பது உப்பின் பல வேலைகளில் ஒன்று. அதை மட்டும் பார்த்துவிட்டு ‘விருப்பமிருந்தால்’ என்று எழுதுகிறவர், தூணைப் பார்த்து ‘சாய்ந்துகொள்ள வசதியாயிருக்கிறது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்’ என்று சொல்லுகிற மனிதர்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிய விஷயமே அல்ல. இட்லி மாவில் உப்பை ஆட்டி எடுத்தவுடன் போடுவதா, பொங்கிய பிறகு போடுவதா என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் நடக்காத வழக்கா? வெயில் காலத்துக்கு ஒரு முறை, குளிர் காலத்துக்கு ஒரு முறை என்று பேதம் பார்க்கிற குடும்பங்கள் எத்தனையோ! மாவின் புளிப்புக்கும் உப்புக்கும் சம்பந்தம் உண்டு என்பதைப் புத்தகம் படிக்காமலே கை அறிந்து வைத்திருக்கிறது. அந்தக் கைகளுக்குத்தான் இன்று ‘விருப்பமிருந்தால்’ என்று பாடம் நடத்துகிறார்கள்.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள். கணவருக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அம்மாள் ஒரு குறிப்பைப் பார்த்து, உப்பே இல்லாமல் ரொட்டி சுட்டாள். அது உட்கார்ந்துவிட்டது. ஈஸ்ட் பழசு என்று புதிதாக வாங்கினாள், மறுபடியும் உட்கார்ந்தது. அடுப்பின் மேல் சந்தேகப்பட்டாள். கடைசியில், “எனக்குக் கைராசி இல்லை, மாமா” என்று என்னிடமே வந்து வருத்தப்பட்டாள். நாற்பது வருஷமாகப் பஞ்சு போல இட்லி வார்க்கிற கை அது. அந்தக் கையின் மேல் அவளுக்கே அவநம்பிக்கை வந்துவிட்டது. எழுதினவர் தம் இரண்டு சொற்களால் செய்த காரியம் இது. குறிப்பு எழுதுகிறவர்கள் மாவை மட்டும் வீணாக்குவதில்லை.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்த வாசகர் ஒருவர் எழுந்து, “இத்தாலியில் டஸ்கனி மாகாணத்தில் உப்பில்லாமல்தானே ரொட்டி சுடுகிறார்கள்?” என்று என்னை மடக்கலாம். மெத்தச் சரி. புளோரன்ஸ் நகரைச் சுற்றிய அந்தப் பிரதேசத்தில் பல நூற்றாண்டுகளாக உப்பில்லா ரொட்டிதான் வழக்கம். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட மகாகவி தாந்தே, அந்நிய வீட்டு ரொட்டியின் உப்பைச் சொல்லியே தம் காவியத்தில் நாடிழந்தவனின் துயரத்தைக் காட்டுகிறார். அந்த ரொட்டிக்கு 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் உரிமையும் கிடைத்தது.

ஆனால் டஸ்கனிக்காரன் உப்பை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. புளித்த மாவை உறை ஊற்றி, நிதானமாகப் பொங்கவைத்துச் சுடுகிறான். உப்பு ஏறிய பன்றித் தொடையையும் ஆட்டுப் பாலாடைக் கட்டியையும் தொட்டுக்கொண்டு தின்கிறான். காய்ந்துபோன ரொட்டியைக் கீரையும் மொச்சையும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியில் போட்டு ஊறவைக்கிறான். ரொட்டியிலிருந்த உப்பு தட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. அதற்கேற்றபடி ஒரு சமையலே வளர்ந்திருக்கிறது. அதற்குப் பல தலைமுறை பிடித்தது. நம் குறிப்பு எழுத்தாளருக்கு ஓர் அடைப்புக்குறி போதுமானதாயிருக்கிறது!

“அப்படியானால் ரத்த அழுத்தக்காரர்கள் என்ன செய்வது?” என்ற கேள்வி நியாயமானது. உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. இதில் எனக்கு விவாதமே இல்லை. எப்படிக் குறைப்பது என்பதில்தான் இருக்கிறது. பிரிட்டனில் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே கடை ரொட்டியிலிருந்து மக்கள் வயிற்றுக்குள் போகும் உப்பு கணிசமானது. 2001-க்கும் 2011-க்கும் இடையில் 100 கிராம் ரொட்டிக்குச் சராசரியாக 1.23 கிராமிலிருந்து 0.98 கிராமுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். பத்து வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சிறுகச் சிறுகக் குறைத்ததால் மாவும் கெடவில்லை, நாக்கும் புகார் செய்யவில்லை. எங்கள் தெரு அம்மாளும் 20 கிராமைப் 15 ஆக்கி, ஈஸ்ட்டையும் சற்றுக் குறைத்துக்கொண்டிருந்தால் ரொட்டி எழுந்து நின்றிருக்கும். அதை எழுத இரண்டு வரி போதும். ஆனால் எழுதுகிறவருக்கு உப்பின் வேலை தெரிந்திருக்க வேண்டும்.

இனி, உப்புக்குப் பதிலாக உப்பையே போடச் சொல்லுகிற வேடிக்கையைக் கேளுங்கள்.

முதலாவது, இந்துப்பு. பாகிஸ்தானிலுள்ள கேவ்ரா சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கிற இளஞ்சிவப்புக் கல். ‘சாதாரண உப்புக்குப் பதிலாக இந்துப்பைச் சேர்த்து ஆரோக்கியமான ரொட்டி செய்யுங்கள்’ என்கிறார்கள். அந்தக் கல்லில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சோடியம் குளோரைடு. அதாவது, நம் வேதாரணியத்திலும் தூத்துக்குடியிலும் விளைகிறதே, அதே உப்பு. ரொட்டியில் அதே வேலையைச் செய்யும். ரத்த அழுத்தத்துக்கும் அதே உபகாரத்தைச் செய்யும். மிச்சமிருக்கும் சிறு பங்குக்காகத்தான் நிறமும் விலையும். போதாக்குறைக்கு, பல பொட்டலங்களில் அயோடினும் இருப்பதில்லை. பெயர் மாறியது, பொருள் மாறவில்லை. இதில் பணம்தான் நஷ்டம், போகட்டும்.

இரண்டாவது வகையில் உயிரே பணயம். ‘குறைந்த சோடிய உப்பு’ என்று கடைகளில் வருகிறது. சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தது அது. இதை நான் மட்டமாகப் பேசவில்லை. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் ஏறக்குறைய ஐந்து வருஷம் பரீட்சித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். முக்கால் பங்கு சோடியமும் கால் பங்கு பொட்டாசியமுமான உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் நூற்றுக்கு 14 வீதம் குறைந்திருந்தது. மகத்தான காரியம்! ரொட்டி மாவிலும் அது வலையை இறுக்கும், ஈஸ்ட்டை அடக்கும். அளவு மீறினால் கசக்கும், அவ்வளவுதான்.

ஆனால் உடம்புக்குள் போன பொட்டாசியத்தை வெளியேற்றுகிற வேலை சிறுநீரகத்துடையது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் இதயத்தின் தாளமே தப்பிப்போகும். ரத்த அழுத்தத்துக்கென்று கொடுக்கிற சில மருந்துகளே பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்திவைப்பவை. 2025 ஜனவரியில் உலகச் சுகாதார ஸ்தாபனம் வீட்டுச் சமையலுக்கு இத்தகைய உப்பைச் சிபாரிசு செய்தபோது, சிறுநீரகக் கோளாறுள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அந்தச் சிபாரிசிலிருந்து விலக்கியே சொன்னது. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் யாரிடம் அதிகம் சொல்லுவார்? ரத்த அழுத்தக்காரரிடம், சிறுநீரக நோயாளியிடம். அதே மனிதரைப் பார்த்துத்தான் நம் குறிப்பு, ‘உப்புக்குப் பதிலாகக் குறைந்த சோடிய உப்பு போடலாம்’ என்று ஒரே வரியில் முடிக்கிறது. ‘டாக்டரைக் கேட்டுக்கொண்டு’ என்று இரண்டு சொற்களைச் சேர்க்கக் காகிதமா இல்லை? பெயர் அதே உப்பு, பொருள் மாறிவிட்டது. யாருக்கு மாறிவிட்டது என்று சொல்லவில்லை.

எழுத்தாளர்களையே திட்டிக்கொண்டிருந்தால் வியாபாரிகள் கோபித்துக்கொள்ளுவார்கள். அவர்களும் வரட்டும்.

ரொட்டியில் கலப்படம் நேற்று முளைத்ததல்ல. 1820-இல் லண்டனில் பிரடெரிக் அக்கும் என்ற ரசாயன நிபுணர் உணவுக் கலப்படத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி, ரொட்டிக்காரர்கள் மாவில் படிகாரம் கலப்பதை அம்பலப்படுத்தினார். அந்தக் காலத்தில் வெள்ளை ரொட்டிதான் கௌரவம். மட்டமான மாவை வெள்ளையாகக் காட்டப் படிகாரம். இந்தக் காலத்தில் பழுப்பு ரொட்டிதான் கௌரவம். முழுக் கோதுமை என்று நம்பி நீங்கள் வாங்கிய பழுப்பு ரொட்டியின் உறையைத் திருப்பிப் படியுங்கள். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது நம் சட்டம். முதலில் மைதா என்று இருக்கிறதா? கீழே எங்கேயாவது 150 என்ற எண்ணோடு ஒரு நிறமி இருக்கிறதா? அது கருக்கிய சர்க்கரையின் நிறம். தவிட்டுக்குப் பதிலாகத் தவிட்டின் நிறம்! படிகாரம் போய்க் கருக்கிய சர்க்கரை வந்திருக்கிறது.

நிறத்துக்குப் பதில் கண்டுபிடித்தவர்கள் காலத்துக்கும் பதில் கண்டுபிடித்தார்கள். அரைத்த மாவைச் சில வாரம் வைத்திருந்தால் காற்றுப் பட்டு அதன் வலை தானே உறுதிப்படும். வாரக்கணக்கில் காத்திருக்க எந்த முதலாளிக்குப் பொறுமை உண்டு? பொட்டாசியம் புரோமேட் என்ற உப்பு ஒரு சிட்டிகை சேர்த்தால் அந்த வேலை சுருக்காக முடிந்துவிடும். சரியாக வேகாவிட்டாலோ, அளவு கூடிவிட்டாலோ அது ரொட்டியிலேயே தங்கிவிடும் என்பதுதான் சங்கடம். பிராணிகளுக்கு அது புற்றுநோய் உண்டாக்குவதைக் கண்டார்கள். பிரிட்டன் 1990-இல் தடுத்தது. டில்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016-இல் கடை ரொட்டிகளையும் பன்களையும் சோதித்து, 38 மாதிரிகளில் நூற்றுக்கு 84 வீதம் புரோமேட் அல்லது அயோடேட்டின் மிச்சம் இருப்பதாக வெளியிட்ட பிறகே நம் அரசாங்கம் விழித்துக்கொண்டு, அதே வருஷம் புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்தது. பிரிட்டன் தடுத்து 26 வருஷம் கழித்து. அத்தனை வருஷமும் காய்ச்சல்காரர்களுக்கு நாம் பாலில் நனைத்துக் கொடுத்ததும் ரொட்டி என்ற பெயரில்தான்.

மாற்றே கூடாது என்று நான் சொல்லுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நேர்மையான மாற்றுகள் இருக்கின்றன. அயர்லாந்தில் விளைகிற மென்மையான கோதுமைக்கு ஈஸ்ட் ரொட்டி சரிப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமையல் சோடா வந்ததும், மோரின் புளிப்பையும் சோடாவையும் சேர்த்து ஒரு ரொட்டி செய்தார்கள். அதற்குச் சோடா ரொட்டி என்றே பெயர் வைத்தார்கள். ஈஸ்ட் செய்த வேலையை இன்னது செய்யும், அதற்குப் புளிப்பு வேண்டும் என்று தெரிந்து செய்த மாற்று அது. நம் குறிப்புகளோ சோடாவை மட்டும் போடச் சொல்லி மோரை மறந்துவிடுகின்றன. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2009 முதல் ரொட்டிக்கு அயோடின் உப்பைத்தான் போட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். ஊர் அறியச் செய்தார்கள். அயோடின் குறைவு தீர வேண்டும் என்று காரணம் சொல்லிச் செய்தார்கள். நம் வீட்டிலும் மைதாவில் ஐந்தில் ஒரு பங்கு கேழ்வரகைச் சேர்க்கலாம், ரொட்டி தாங்கும். முழுக்கக் கேழ்வரகு என்றால், அதில் வலை கட்டுகிற புரதம் இல்லை, செங்கல்தான் வரும். கேழ்வரகு அடையாகச் சாப்பிட்டால் அமிர்தம். அதை ஏன் ரொட்டி வேஷம் கட்டி அவமானப்படுத்த வேண்டும்?

இன்னொரு வகை மாற்றும் உண்டு. அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, ஜெர்மானியப் படைகள் முற்றுகையிட்டிருந்த லெனின்கிராடில், வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைய ரொட்டி 125 கிராம். அந்த ரொட்டியிலும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸும் கலந்திருந்தன. வேறு வழியில்லாமல் செய்த மாற்று அது. சர்க்கரை இல்லாத ஊரின் இலுப்பைப் பூ. அதைக் குறை சொல்ல எவனுக்கும் அருகதை கிடையாது. நமக்கோ கடை நிறைய மாவும் உப்பும் இருக்கின்றன. இல்லாமையால் செய்ததை நாம் சோம்பலாலும் லாபத்தாலும் செய்கிறோம்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். நான் எழுதிய ஒரு சொல்லை எடுத்துவிட்டு, “அதே அர்த்தம்தானே ஸார்” என்று இன்னொரு சொல்லை வைக்கிறவர்களிடம் ஆயுள் முழுவதும் மன்றாடி வருகிறேன். அதே அர்த்தமாயிருக்கலாம், அதே வேலையைச் செய்யுமா என்பதே கேள்வி. சொல்லுக்கு இருக்கிற இந்த நியாயத்தை உப்புக்கும் கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஆகையால் குறிப்பு எழுதுகிற அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘பதிலாக’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும், எடுத்த பொருள் என்ன வேலை செய்தது, வைத்த பொருளால் எது நடக்கும், எது நடக்காது, யார் சாப்பிடக்கூடாது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். உப்பைக் கரண்டியில் சொல்லாமல் கிராமில் சொல்லுங்கள். ஒரு கரண்டித் தூள் உப்பும் ஒரு கரண்டிக் கல்லுப்பும் ஒரே எடை இல்லை. வியாபாரிகளுக்கு விண்ணப்பம் இல்லை, கேள்விதான்: உள்ளே போட்டதை உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் சொல்லுகிற நீங்கள், முன்பக்கம் பெரிய எழுத்தில் சொன்னால் என்ன?

வாங்குகிற நாமும் உறையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். அரை நிமிஷம் ஆகும். கடைக்காரர் முகம் சற்றுக் கோணும். கோணட்டும்.